வரி முத்திரையை உற்றுப் பார்ப்பது எப்படி

வீட்டு வாடகைக்கோ வியாபாரத்துக்கோ 25,000 ரூபாவுக்கு மேற்பட்ட தொகையைப் பெற்றுக்கொள்பவர், பற்றுச்சீட்டின் அடியில் 25 ரூபா முத்திரையை ஒட்டி அதன் மேல் குறுக்காகக் கையெழுத்திடுவது நமக்குப் பழகிய நடைமுறை. மதுபானக் கடையில் விற்கப்படும் போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும் என்பதும் பலருக்குத் தெரியும். முன்னது மிகப் பழைய முறை, பின்னது அண்மைக் காலத்தது. ஆனால் இதற்குரிய வரி அரசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற ஒரே செய்தியைத்தான் இரண்டும் அறிவிக்கின்றன. இப்படி வரி செலுத்தியதற்குச் சான்றாக ஒரு பொருளின் மீதோ ஆவணத்தின் மீதோ ஒட்டப்படும் சிறு தாளே வரி முத்திரை. அந்தச் சிறு தாளுக்குள் என்னென்ன காவல்கள் வைக்கப்படுகின்றன, அவற்றுள் எதை வெறுங்கண்ணால் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கருவி வேண்டும், எந்த மோசடியை அச்சுத் தொழில்நுட்பத்தால் மட்டும் தடுக்க முடியாது என்பவற்றை, இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

ஒருவர் ஏன் இவ்வளவு சிறிய தாளைப் போலியாக அடிக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். முத்திரையை அச்சிடும் செலவு மிகச் சிறியது. அது குறிக்கும் வரியோ மிகப் பெரியது. சிகரெட்டின் சில்லறை விலையில் குறைந்தது 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மதுபானத்தின் கதையும் இதற்கு நெருக்கமானதே. அம்பாறை மாவட்டத்தில் ஹிங்குராணையில் சீனி ஆலை இருப்பது நமக்குத் தெரியும். சீனி ஆலைகளில் கரும்புச் சாற்றிலிருந்து சீனி எடுத்த பிறகு எஞ்சும் பாகை நொதிக்க வைத்து வடித்தால் எதனோல் கிடைக்கிறது. அந்த எதனோலின் அடக்க விலைக்கும் கடைத் தட்டில் நிற்கும் போத்தலின் விலைக்கும் இடையே உள்ள இடைவெளியில் பெரும்பகுதி வரிதான். வரி கட்டாமல் அதே விலைக்கு விற்க முடிந்தவருக்கு அந்த வரித் தொகை முழுவதும் இலாபமாகிறது. வாங்குபவரின் நம்பிக்கையைப் பெறவும் அதிகாரியின் சோதனையைக் கடக்கவும் அவருக்குத் தேவைப்படுவது ஒரு முத்திரை மட்டுமே.

இதில் இழப்பவர் அரசு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒழுங்காக வரி கட்டும் உற்பத்தியாளர் சந்தையை இழக்கிறார். போலி முத்திரை ஒட்டிய போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு எவரும் பொறுப்பில்லாததால், குடிப்பவர் கண்பார்வையையோ உயிரையோ இழக்க நேரலாம். முறையின்றித் தயாரித்த மதுவில் மெதனோல் என்ற நச்சு கலந்திருந்தால் விளைவு அதுதான். மதுவைத் தொடாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காத்தான்குடியில் இருப்பவரும் களுவாஞ்சிக்குடியில் இருப்பவரும் கட்டணமின்றிப் போகும் அரசு வைத்தியசாலை இந்த வரிப் பணத்திலும்தான் இயங்குகிறது.

ஆவணங்களுக்கு முத்திரை வரி விதிக்கும் வழக்கம் 1624இல் ஒல்லாந்தில் தொடங்கியது. இங்கிலாந்து அதை 1694இல் பின்பற்றியது. அங்கே சீட்டுக்கட்டுக்கும் வரி இருந்தது. கட்டிலுள்ள ஸ்பேட் ஏஸ் சீட்டை அரசின் முத்திரை அலுவலகமே அச்சிட்டுக் கொடுத்து, அதையே வரி செலுத்தியதற்கு அடையாளமாக வைத்திருந்தது. அந்தச் சீட்டைப் போலியாக அடித்ததற்காக 1805இல் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். கடுமையான தண்டனை போலியை நிறுத்திவிடவில்லை. ஆகவே தாளையும் மையையும் கடினமாக்கும் வழி தேடப்பட்டது. அந்தத் தேடலின் பலன்கள் இன்றைய ஸ்டிக்கரிலும் இருக்கின்றன.

பாதுகாப்பு அம்சங்களைப் பற்றிப் பேசும்முன், எந்த மோசடிக்கு எதிராக எந்தக் காவல் என்பதைப் பிரித்தறிய வேண்டும். விளம்பரங்களும் செய்திகளும் இந்த இடத்தில்தான் வாசகரைக் குழப்புகின்றன. முத்திரையைப் புதிதாகப் போலியாக அச்சிடுவது ஒரு மோசடி. ஏற்கெனவே பயன்படுத்திய உண்மையான முத்திரையை உரித்தெடுத்து வேறு பொருளில் ஒட்டுவது வேறொரு மோசடி. உண்மையான, பயன்படுத்தப்படாத முத்திரையைத் திருடியோ கணக்கில் மறைத்தோ வரி கட்டாத பொருளில் ஒட்டுவது இன்னொன்று. முதலாவதைத் தாளும் மையும் அச்சும் தடுக்கும். இரண்டாவதைப் பசையும் வெட்டும் தடுக்கும். மூன்றாவதை இவை எதுவுமே தடுக்காது, ஏனெனில் அங்கே முத்திரை உண்மையானது. அதற்குக் கணக்கும் இலக்கமும் வேண்டும். மிக விலையுயர்ந்த ஹோலோகிராமை ஒட்டிவிட்டதால் மட்டும் ஒரு நாட்டின் வரி பாதுகாக்கப்படாததற்குக் காரணம் இதுதான்.

இனித் தாளுக்கு வருவோம். வாழைச்சேனைக் காகித ஆலை நம் மட்டக்களப்பு மாவட்டத்தில் எழுந்தது என்பதால், தாள் எப்படி உருவாகிறது என்பதை இங்குள்ள மூத்தவர்கள் பலர் நேரில் அறிவார்கள்: வைக்கோலோ புல்லோ கூழாகி, நீரில் மிதந்து, வலையின் மீது படலமாகப் படிந்து, காய்ந்து தாளாகிறது. கூழ் ஈரமாக இருக்கும் அந்தக் கட்டத்தில் வலையின் மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாக ஓர் உருவம் இருந்தால், ஓரிடத்தில் நார் அடர்த்தியாகவும் இன்னோரிடத்தில் மெலிதாகவும் படியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த வேறுபாடு உருவமாகத் தெரியும். இதுவே நீர்க்குறி. மருதமுனைக் கைத்தறிச் சாறனில் கரை நூலிலேயே நெய்யப்பட்டிருக்கும். மலிவான துணியில் அது மேலே அச்சடிக்கப்பட்டிருக்கும். நீர்க்குறிக்கும் அதன் போலிக்கும் உள்ள வேறுபாடு இத்தகையதே. போலிக்காரர் மெழுகோ வெளிர் மையோ கொண்டு தாளின் மேல் நீர்க்குறியைப் போன்ற ஒன்றை வரைகிறார். அது வெளிச்சத்துக்குப் பிடிக்காதபோதும் சாய்வாகப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன் ஓரங்கள் கூர்மையாக, ஒரே அடர்த்தியில் இருக்கும். உண்மையான நீர்க்குறியிலோ இருள் மெல்ல மெல்ல ஒளியாக மாறும்.

இதைப் பழகப் பணத்தாள் நல்ல பாடநூல். 2011இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்த 1000 ரூபா நோட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அந்நோட்டில் அச்சிடப்பட்டுள்ள பறவையே நீர்க்குறியாகவும் தெரியும். கல்முனைக் கடைக்காரர்கள் 5000 ரூபா நோட்டை வாங்கியதும் இதைத்தான் செய்கிறார்கள். எவரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை; நட்டப்பட்டுவிடுவோம் என்ற கவலை கற்றுக்கொடுத்திருக்கிறது. வரி முத்திரையைப் பொறுத்தவரை அந்தக் கவலை வாங்குபவருக்கு இல்லாததால் அந்தப் பழக்கமும் வளரவில்லை.

தாளில் இன்னொரு முக்கியமான குணம் உண்டு. நாம் அன்றாடம் வாங்கும் வெள்ளைத் தாளில், அதை மேலும் வெண்மையாகக் காட்டுவதற்காக ஒளிரூட்டும் இரசாயனம் சேர்க்கப்படுகிறது. புறஊதா விளக்கின் கீழ் அத்தாள் நீல வெண்மையாகப் பளிச்சிடும். பாதுகாப்புத் தாளில் அந்த இரசாயனம் வேண்டுமென்றே தவிர்க்கப்படுவதால், அதே விளக்கின் கீழ் அது மங்கலாகவே இருக்கும். அந்த மங்கலான பின்னணியில்தான், தாளுக்குள் தூவப்பட்ட சிறு நார்களும் கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிட்ட உருவங்களும் சிவப்பாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். போலிக்காரர் நார்களைக் கோடுகளாக அச்சிட்டுவிடலாம். ஆனால் ஊசி முனையால் சுரண்டினால் உண்மையான நார் தனியே எழும்பி வரும், அச்சிட்ட கோடு எழும்பாது. அத்துடன், உண்மையான நார்கள் ஒவ்வொரு முத்திரையிலும் வெவ்வேறு இடத்தில் கிடக்கும். இரண்டு முத்திரைகளில் நார்கள் ஒரே இடத்தில் இருந்தால் ஐயப்பட வேண்டும்.

அச்சு முறைதான் இந்த விடயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எவரும் பார்க்கலாம் என்பதே காரணம். அச்சகங்களில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு லென்ஸ் ஒன்று வைத்திருப்பார்கள். அதைக் கொண்டு சாதாரண நிறப் பிரதி ஒன்றைப் பார்த்தால், தொடர்ச்சியாகத் தோன்றிய பச்சைக் கோடு உண்மையில் நீலமும் மஞ்சளுமான புள்ளிகளின் கூட்டம் என்பது தெரியும். நிறப் பிரதி இயந்திரமும் பிரின்டரும் நான்கு மைகளின் புள்ளிகளைக் கலந்தே எல்லா நிறங்களையும் காட்டுகின்றன. பாதுகாப்பு அச்சகத்தில் அந்தப் பச்சைக்கென்றே பச்சை மை கலக்கப்பட்டு, ஒரே தகட்டிலிருந்து முழுக் கோடாக இறக்கப்படுகிறது. லென்ஸின் கீழ் அது உடையாத, விளிம்பு தெளிவான கோடாக ஓடும். முத்திரைகளில் ஒன்றையொன்று பின்னி வளைந்து செல்லும் மெல்லிய கோட்டு வேலைப்பாட்டை நிறைய வைப்பது அலங்காரத்துக்காக அல்ல. புள்ளிகளால் வரையும் இயந்திரம் அத்தனை மெல்லிய வளைவுகளைப் பிடிக்க முயலும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அல்லது இடையில் அறுந்துபோகும். சில வடிவங்கள், பிரதி எடுத்தால் மூலத்தில் தெரியாத பட்டைகள் தோன்றும்படி திட்டமிட்டே வரையப்படுகின்றன.

இதே தத்துவத்தின் இன்னொரு பயன்பாடு நுண்ணெழுத்து. வெறுங்கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரிவது லென்ஸின் கீழ் எழுத்து வரிசையாக விரியும். கால் மில்லிமீற்றர் உயரமுள்ள அந்த எழுத்துகள் பிரதியில் கறையாகிவிடும். ஒரே கோடு ஒரு முனையில் நீலமாகத் தொடங்கி மறு முனையில் பச்சையாக, எங்கே மாறியது என்று தெரியாதபடி மாறுவதும் உண்டு. மைத் தொட்டியில் இரண்டு மைகளை அருகருகே வைத்து உருளையில் அவற்றை மெல்லக் கலக்கவிட்டு இதைச் செய்கிறார்கள்; தனித்தனித் தகடுகளால் இதைப் போலியாக்குபவர் நிறம் மாறும் இடத்தில் ஒரு பிளவை விட்டுவிடுவார். பணத்தாளில் விரலுக்குத் தட்டுப்படும் மேடான அச்சு, உலோகத் தகட்டில் பள்ளமாகச் செதுக்கிய கோடுகளில் மையை நிரப்பிப் பெரும் அழுத்தத்தில் தாளை அழுத்துவதால் வருகிறது. 1840இல் வெளியான உலகின் முதல் ஒட்டும் தபால் முத்திரையும் இப்படிச் செதுக்கிய தகட்டிலிருந்து அச்சிடப்பட்டதே. கோடிக்கணக்கில் வேண்டியிருக்கும் வரி முத்திரைகளில் செலவு கருதி இம்முறை எல்லா நாடுகளிலும் பயன்படுத்தப்படுவதில்லை.

அந்த 1840ஆம் ஆண்டு முத்திரைக்கு வேறொரு படிப்பினையும் உண்டு. அது கறுப்பு நிறம். அதைப் பயன்படுத்தி முடிந்ததற்கு அடையாளமாகக் குத்திய முத்திரை மை சிவப்பு. சிவப்பு மையைக் கழுவிவிட்டு மீண்டும் ஒட்ட முடியும் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே 1841இல் முத்திரையின் நிறம் செம்பழுப்பாகவும் குத்தும் மை கறுப்பாகவும் மாற்றப்பட்டன. பிற்காலத்தில் ஒரே முத்திரை தபாலுக்கும் வரிக்கும் பொதுவானபோது, பேனாக் கையெழுத்தைக் கழுவி எடுப்பதைத் தடுக்க, தண்ணீரிலும் இரசாயனத்திலும் தானே கரைந்துபோகும் மையால் 1883–84இல் பிரித்தானியாவில் முத்திரைகள் அச்சிடப்பட்டன. கையெழுத்தைக் கழுவ முனைபவர் முத்திரையின் படத்தையே கழுவிவிடுவார். இலங்கையின் பழைய முத்திரைகளிலும் தபாலுக்கும் வருமானத்துக்கும் உரியது என்று ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. பற்றுச்சீட்டில் முத்திரையின் மேலேயே, பாதி தாளிலும் பாதி முத்திரையிலும் விழும்படி கையெழுத்திடச் சொல்வது சம்பிரதாயம் அல்ல என்பது இப்போது புரியும். முத்திரையைக் கொன்று அந்தத் தாளோடு பிணைப்பது அந்தக் கையெழுத்துத்தான்.

மையைக் கொண்டு செய்யும் காவல்களில் சில வாங்குபவருக்கானவை. சாய்த்துப் பார்த்தால் பொன்னிறத்திலிருந்து பச்சைக்கோ, ஊதாவிலிருந்து செம்புக்கோ மாறும் மை அத்தகையது. அதில் இருப்பது வழக்கமான சாயம் அல்ல. ஒளியைப் பல மிக மெல்லிய படலங்களால் பிரதிபலிக்கும் நுண்ணிய செதில்கள். பார்க்கும் கோணம் மாறும்போது ஒளிக்கதிர்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் நிறமும் மாறுகிறது. 1987இல் தாய்லாந்து வெளியிட்ட 60 பாட் நினைவு நோட்டில் இந்த மை முதன்முதலாகப் பணத்தாளுக்கு வந்தது. பிரதி இயந்திரம் ஒரு கோணத்தில் மட்டுமே பார்ப்பதால் இதை அதனால் பிடிக்க முடியாது. விரலால் தேய்த்தால் மறைந்து சூடு தணிந்ததும் திரும்பும் மை இன்னொன்று. இதைப் பற்றி நம் பகுதிக்கென்று ஒரு குறிப்பைச் சொல்ல வேண்டும். இவ்வகை மைகளில் பரவலாகப் பயன்படுவது ஏறத்தாழ 31 பாகை செல்சியஸில் நிறம் இழப்பது. மட்டக்களப்பின் வைகாசி, ஆனி மாத வெயிலில், குளிரூட்டியில்லாத கடை ஒன்றில், எவரும் தொடாமலேயே அது மறைந்திருக்கும். உண்மையான முத்திரையை வாங்குபவர் போலி என்று நினைப்பார். குளிர் நாட்டில் நன்றாக வேலை செய்யும் அம்சத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. கொள்வனவு செய்பவர்கள் உள்ளூர் வெப்பநிலையைக் கேள்விக்கோரலில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஹோலோகிராமைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, அதை எல்லோரும் அறிவார்கள். டெனிஸ் காபோர் 1947இல் கண்டுபிடித்து 1971இல் நோபல் பரிசு பெற்ற கோட்பாடு அது. முத்திரைகளில் காண்பது, உலோகப் படலத்தில் மிக நுண்ணிய பள்ளங்களை அழுத்திப் பதித்த வடிவம். தமிழ்நாட்டிலும் மதுப் போத்தல்களில் ஹோலோகிராம் ஒட்டி இருக்கிறது. பளபளக்கிறது என்பதை வைத்து இதை உண்மை என்று ஏற்றுக்கொள்வது பெரும் தவறு. பளபளக்கும் படலத்தைப் பரிசுப் பொருள் கடையிலும் வாங்கலாம். சாய்க்கும்போது ஒரு குறிப்பிட்ட உருவம் மறைந்து அதே இடத்தில் வேறொரு குறிப்பிட்ட உருவம் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த உருவம் எந்த உருவமாக மாற வேண்டும் என்பதை அரசு பொதுமக்களுக்குச் சொல்லியிருந்தால் மட்டுமே இந்தப் பார்வைக்குப் பொருள் உண்டு.

பசையும் வெட்டும் எவராலும் கவனிக்கப்படாதவை, ஆனால் முத்திரையை மீண்டும் பயன்படுத்தும் மோசடிக்கு எதிரே நிற்பவை இவைதான். நன்றாகச் செய்யப்பட்ட ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தால், தாள் முழுதாக எழும்பாது. அதில் பிறை வடிவிலோ நெளிவாகவோ கண்ணுக்கு எளிதில் புலப்படாத வெட்டுகள் முன்கூட்டியே இடப்பட்டிருப்பதால், இழுத்த இடத்தில் ஒரு துண்டு கையோடு வரும், அடுத்த துண்டு போத்தலிலேயே நிற்கும். இங்கே பசையின் பிடி தாளின் வலிமையை விடக் கூடுதலாக இருக்கும்படி இரண்டும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. படலத்தால் ஆன ஸ்டிக்கர்களில், உரித்ததும் அடியில் ‘செல்லாது’ என்ற பொருளுடைய எழுத்துகள் வெளிப்படும் வகையும் உண்டு. முத்திரையை உரிக்க நினைப்பவர் வெந்நீர், நீராவி, பெற்றோல், கரைப்பான் என்று பலவற்றைக் கையாள்வார். அவற்றில் எதற்கு மை கலைய வேண்டும், எதற்குத் தாள் கறைப்பட வேண்டும் என்பதும் முன்பே சோதிக்கப்படுகிறது. ஆனால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுக்கும் பியர்ப் போத்தல் நம் ஈரக் காற்றில் நிமிடத்துக்குள் நனைந்துவிடும். மாரி மாதங்களில் களஞ்சிய அறையே ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் உண்மையான முத்திரை தானாகக் கழன்றுவிட்டால் குற்றம் கடைக்காரர் தலையில் விழும். ஈரத்தைத் தாங்கவும் வேண்டும், உரிப்பதைத் தாங்காமல் சிதையவும் வேண்டும் என்ற இரண்டு எதிர்க் கோரிக்கைகளையும் ஒரே பசை நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.

ஒட்டும் இடமும் காவலின் பகுதியே. போத்தலின் உடலில் மட்டும் ஒட்டினால், பழைய போத்தல் வாங்குபவர்களிடம் போய்ச் சேரும் வெற்றுப் போத்தல் தன் உண்மையான முத்திரையுடனேயே போகிறது. அதற்குள் வேறெதையாவது நிரப்பி மூடினால் வரி கட்டிய போத்தலாகிவிடும். மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்கே ஒட்டினால், முதன்முறை திறக்கும்போதே முத்திரை கிழிந்துவிடும். வீட்டில் வெற்றுப் போத்தலை அகற்றும்போது ஸ்டிக்கரின் எஞ்சிய பகுதியையும் சுரண்டிவிட்டுக் கொடுப்பது சிறு வேலைதான், ஆனால் பயனுள்ள வேலை.

இதுவரை சொன்னவை எல்லாம் முத்திரையின் உடலைப் பற்றியவை. திருடப்பட்ட உண்மையான முத்திரைக்கு எதிராக என்ன செய்வது? அச்சகத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு முத்திரைக்கும் வேறு எதற்கும் இல்லாத ஓர் இலக்கம் கொடுத்து, அது எந்த உற்பத்தியாளருக்கு எப்போது கொடுக்கப்பட்டது, எந்தப் பொருளில் ஒட்டப்பட்டது என்பதைத் தரவுத்தளத்தில் பதிவதே விடை. ஒரு வடிசாலையில் ஒட்டக் கொடுத்த இலக்கம் வேறொரு பெயர்ப் போத்தலில் தென்பட்டால் உடனே தெரிந்துவிடும். 2005இல் கலிபோர்னியா தன் சிகரெட் முத்திரையில் மறைகுறியாக்கிய தகவலைச் சேர்த்தது. கென்யா 2013 முதல் இலக்கமிட்ட முத்திரைகளைப் பின்தொடரும் முறையை நடத்திவருகிறது. புகையிலைப் பொருட்களின் சட்டவிரோத வணிகத்தை ஒழிப்பதற்காக 2012இல் தென்கொரியாவின் சியோலில் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2018 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை, ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் தனித்துவமான, அகற்ற முடியாத அடையாளம் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இலங்கையும் அதில் இணைந்த நாடு.

இலக்கங்களை 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுத்தால், ஒன்றைக் கண்டவர் அடுத்ததை ஊகித்துவிடுவார். ஆகவே ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக் கோவைகள் பயன்படுத்தப்படுகின்றன. ஆயினும் ஊகிக்கத் தேவையின்றி, ஒரே உண்மையான குறியைப் பிரதி எடுத்து ஆயிரம் போத்தல்களில் ஒட்டலாம். கியூஆர் குறியைப் பற்றி மக்களிடையே உள்ள தவறான நம்பிக்கையை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில், வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கிடுவதற்காக உருவானது அந்தக் குறி. எளிதாகப் படிக்கப்பட வேண்டும், மங்கலான அச்சிலும் படிக்கப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனால் அதைப் பிரதி எடுப்பதும் மிக எளிது. கைத்தொலைபேசியால் ஸ்கான் செய்ததும் ‘உண்மையானது’ என்று ஒரு பக்கம் திறந்தால், அந்தப் பக்கமே போலியாக இருக்கலாம். குறியை அச்சிட்டவர்தான் அது எங்கே போக வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறார். ஆகவே கமராவால் நேரடியாக ஸ்கான் செய்வதை விட, அரசு நிறுவனம் வெளியிட்ட செயலியைக் கொண்டு ஸ்கான் செய்வதே பாதுகாப்பானது. பல இடங்களில் பலர் ஸ்கான் செய்தால்தான், ஒரே இலக்கம் ஒரே நாளில் மட்டக்களப்பிலும் மாத்தறையிலும் இருப்பதைத் தரவுத்தளம் கண்டுபிடிக்கும். சில முத்திரைகளில் குறியின் அருகே ஒழுங்கற்ற மணல்போன்ற நுண் வடிவம் இருக்கும். அது பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் விவரங்களை இழப்பதால், ஸ்கான் செய்யும் கருவி மூலத்தையும் பிரதியையும் வேறுபடுத்துகிறது.

அச்சகமே பாதுகாப்பின் பலவீனமான இடமாகிவிடக்கூடும். இந்தியாவில் 2001இல் கைதான அப்துல் கரீம் தெல்கியின் முத்திரைத்தாள் மோசடியில், நாசிக்கிலுள்ள அரசுப் பாதுகாப்பு அச்சகத்தில் கழிக்கப்பட்ட இயந்திரங்கள் அவர் கைக்குப் போயிருந்தன. அரசின் இயந்திரமே அச்சிடும்போது லென்ஸால் எதைக் கண்டுபிடிப்பது? கழிக்கும் இயந்திரத்தை உடைத்தழிப்பது, பிழையாக அச்சான தாள்களை எண்ணி எரிப்பது, தாளின் ஒவ்வொரு சுருளுக்கும் கணக்கு வைப்பது ஆகியவையும் பாதுகாப்பு அச்சில் அடங்கும். வரி முத்திரைகளுக்கென்றே 2018இல் சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 22382 வழிகாட்டி, முத்திரையின் வடிவமைப்போடு அதை வழங்கும் முறையையும் பரிசோதிக்கும் முறையையும் சேர்த்தே பேசுகிறது.

யார் எதைப் பார்க்கிறார் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 மே 20 முதல் சிகரெட் பெட்டிகளில் குறைந்தது ஐந்து வகைப் பாதுகாப்பு அம்சங்களைக் கட்டாயமாக்கியது. அவற்றுள் குறைந்தது ஒன்று வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒன்று எளிய கருவிக்குத் தெரிய வேண்டும், ஒன்று சிறப்புக் கருவிக்கோ ஆய்வுகூடத்துக்கோ மட்டும் தெரிய வேண்டும். வாங்குபவர் சாய்த்துப் பார்ப்பார், அதிகாரி புறஊதா டோர்ச்சும் லென்ஸும் கொண்டு பார்ப்பார், நீதிமன்றத்தில் சாட்சியம் தேவைப்படும்போது மையில் கலந்த இரகசியத் துகளை ஆய்வுகூடம் தேடும். இரகசிய அம்சங்களைப் பொதுமக்களுக்குச் சொல்லாதது சரியே. ஆனால் வெளிப்படையான அம்சத்தையும் சொல்லாமல் விட்டால் அந்த அம்சத்துக்குச் செலவழித்த பணம் வீண். இலங்கையில் போலி ஸ்டிக்கர் ஒட்டிய போத்தல்கள் பற்றி 2023இல் பாராளுமன்றக் குழுவிலும் பேசப்பட்டது. அனுமதி பெற்ற ஒவ்வொரு கடையிலும், உண்மையான ஸ்டிக்கரின் பெரிதாக்கிய படத்தை, எங்கே சாய்த்து எதைப் பார்க்க வேண்டும் என்ற விளக்கத்துடன் தமிழிலும் சிங்களத்திலும் மாட்டிவைப்பது கடினமான காரியம் அல்ல. பணத்தாளைப் பற்றி மக்கள் கற்றுக்கொண்டதைப் போல இதையும் கற்றுக்கொள்வார்கள்.

ஒருவர் ஐயத்துக்குரிய முத்திரையைக் கண்டால் முதலில் செய்யக் கூடாதது அதை உரித்துப் பார்ப்பது. உரித்தால் பசையும் வெட்டும் தம் வேலையைச் செய்துவிடும். உண்மையானதும் சிதையும், போலியானதற்கான சான்றும் அழியும். போத்தலைத் திறக்காமல், பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் சேர்த்து, அப்படியே வைத்திருக்க வேண்டும். முடிந்தால் அதே கடையில் அல்லாமல் வேறு கடையில் அதே வகைப் போத்தலோடு அருகருகே ஒப்பிட்டுப் பார்க்கலாம்: கோடுகள் உடைகின்றனவா, நிறம் சாய்வில் மாறுகிறதா, இரண்டின் இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனித்தால் போதும். ஐயம் தீராவிட்டால் அந்தப் போத்தலை அருகிலுள்ள மதுவரி நிலையத்தில் ஒப்படைக்கலாம். ஸ்டிக்கர் முழுதாக இருக்கும் போத்தலைக் கொண்டுதான் அவர்கள் அதன் இலக்கத்தைத் தொடர்ந்து அது வந்த வழியைத் தேட முடியும்.